இம்ப்ளான்ட் வைத்தபின் குறைந்த வலி திரும்பக் கூடினால்

அம்பாசமுத்திரத்தில் ஒரு பல் கிளினிக்கில் 14 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு மறுநாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் போன் போடுவது என் பொறுப்பு. "வலிக்கா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் நம்ம ஊரில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "பரவால்லம்மா, தாங்கிக்கிடலாம்." அதனால் "நேத்தைக்கு இன்னைக்கு கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு மழுப்பிப் பதில் சொல்ல முடியாது. வீட்டில் இம்ப்ளான்ட் வைத்த ஒருவர் இருந்தால் நீங்களும் தினம் காலையில் இதைக் கேளுங்கள். பதிலை ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள்: கூடியது, குறைந்தது, அப்படியே இருக்கிறது. முதல் பத்து நாளுக்கு இந்தக் குறிப்பு போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பத்தியம் இருப்பது சுலபம். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்புக்குள் முடுக்கும் சின்ன டைட்டானியம் திருகு. மேலே வைக்கும் பல் பிறகு வருவது. முடுக்கிய அன்று அந்தத் திருகு எலும்பில் இறுகி நிற்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் புது எலும்பு வந்து ஒட்டினால்தான் அது உங்களுடையது. எலும்பு டைட்டானியத்தோடு அப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை முயல்களை வைத்துச் செய்த ஆய்வில் கண்டவர் ஸ்வீடன் நாட்டு பிரானமார்க். 1965ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதை வைத்தார். கீழ்த்தாடையில் ஒட்டுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மேல்தாடை எலும்பு மெத்தென்று இருப்பதால் நாலு முதல் ஆறு மாதம். ஒட்டுவதற்கு முன்பே திருகு ஆடிப்போனால் அதைத்தான் ஆரம்பத் தோல்வி என்கிறார்கள். பல் கட்டி ஐந்து வருடம் கழித்து வரும் பிரச்சினை வேறு கதை, அதை இங்கே எடுக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துபோய் யாரும் வைக்காமல் இருந்துவிடக் கூடாது. ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக என் அப்பா இருந்தார்.

அப்பாவுக்குக் கீழ் இடது கடைவாயில் வைத்தது ஒரு வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை. சனி, ஞாயிறு நன்றாக வீங்கி, திங்களன்று கன்னம் வற்றிவிட்டது. அப்பா தெம்பாகக் கொடைக்குப் போனார். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு, விடிய விடிய வெற்றிலை, கூடவே கொஞ்சம் புகையிலை. புதன் காலை வலி திரும்ப வந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்பு காலில் புண் வந்தபோது வாங்கி மிச்சம் கிடந்த மாத்திரை அட்டையில் நாலு இருந்ததாம், அதை வேளைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் போன் போடுகிற நான், ஒரே வீட்டில்தானே இருக்கிறோம் என்று அப்பாவிடம் கேட்காமல் விட்டேன். சனிக்கிழமை காலை காப்பி கொடுக்கக் கிட்டே போனபோது வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. அது எனக்குத் தெரிந்த வாடை. டார்ச் அடித்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தேன். தையலின் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஈறு மாதுளை முத்து நிறத்தில் பளபளவென்று உப்பியிருந்தது. பஞ்சை வைத்து லேசாக அழுத்தினேன், அரிசிமணி அளவு மஞ்சள் சீழ் வெளியே வந்தது.

அன்றைக்கே டாக்டர் திறந்து கழுவினார், மருந்து மாற்றினார். வீக்கம் போனது. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் திருகு ஆடியது, எடுக்க வேண்டியதாகிவிட்டது. புதன்கிழமையே வந்திருந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்றார் டாக்டர். அப்பாவிடம் அவர் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. சுகர் இருந்தால், அன்றைய சுகரை மட்டும் காட்டாதீர்கள், மூன்று மாதச் சராசரி சொல்லும் HbA1c டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது எட்டைத் தாண்டியிருந்தால் எங்கள் டாக்டர் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது மெதுவாகும், கிருமி பிடிப்பது வேகமாகும். பக்கத்துப் பல்லில் சொத்தையோ வேரில் சீழோ இருந்தால் அதை முதலில் முடியுங்கள். ஈறில் ரத்தம் வருகிறவர்கள் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, ஈறு தேறிய பிறகே இம்ப்ளான்டுக்கு வர வேண்டும். பழைய கிருமிக் கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத் திருகு முடுக்குவது சரியில்லை.

அப்புறம் பீடி. முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு மடியில் இருக்கும். அந்தத் தொழில் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் ஆச்சியும் பீடி சுற்றியவள்தான். ஆனால் பீடி குடிப்பவர்களிடம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். புகை ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ரத்தம் போகாத இடத்தில் எலும்பு வளராது. இம்ப்ளான்ட் ஆடிப்போகும் காரணங்களில் நம் கைக்குள் இருக்கும் பெரிய காரணம் இது. வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, வைத்தபின் குறைந்தது இரண்டு மாதம் தொடாமல் இருங்கள். வாயில் அடக்கும் புகையிலையும் அப்படித்தான். வெற்றிலைதானே என்று நினைக்காதீர்கள், பாக்குத் துண்டு தையலில் குத்தும், சுண்ணாம்பு புண்ணை அரிக்கும்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்வுக்கு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸுக்கு, ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுத்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வயதான பெண்கள் பலர் அதைப் பல்லுக்குச் சம்பந்தமில்லாததாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். சம்பந்தம் உண்டு, தாடை எலும்பு ஆறுவதை அது பாதிக்கும்.

வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் என்ற பென்சிலின் வகைக் கிருமிக்கொல்லி மருந்து 2 கிராம் ஒரே வேளையாகத் தருவது பல இடங்களில் வழக்கம். ஆரம்பத் தோல்வியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியது இந்த முன்வேளை மருந்தைத்தான். ஆகவே "அப்புறம் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கிடுதேன்" என்று தள்ளிப்போடாதீர்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்து தருவார்கள்.

வைத்த அன்று செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். துப்பாதீர்கள், எச்சிலை விழுங்கிவிடுங்கள். துப்பினால் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும், அதுதான் புண்ணுக்கு இயற்கை போட்ட மூடி. அன்றைக்குக் கொப்பளிக்கவே கூடாது. ஸ்ட்ராவும் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். ராத்திரி இரண்டு தலையணை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, முதல் இரண்டு நாள் அது வேண்டவே வேண்டாம், வீக்கத்தைக் கூட்டும்.

மரத்துப்போன உதடு சில மணி நேரத்தில் தெளிந்துவிட வேண்டும். கீழ்த்தாடையில் வைத்தவர்களுக்கு மறுநாள் காலையிலும் உதடோ தாடை முனையோ மரத்தே இருந்தால், திருகு நரம்பை அழுத்துகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னாலும் போன் பண்ணுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். மேல்தாடைக் கடைவாயில் வைத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீக்கம் ஏறும். நிறையப் பேர் அரண்டுபோவது இங்கேதான். வைத்த அன்றைக்கு விட மறுநாள் முகம் பெரிதாக இருக்கும், கன்னத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போகும், வாய் முழுசாகத் திறக்காது. இதெல்லாம் இயல்பு. 48 மணி நேரம் முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். இறங்க ஆரம்பித்துவிட்டால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாய் சுத்தத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தப்பு அதிகம் நடப்பது இதில்தான். மறுநாள் காலையிலிருந்து மற்றப் பற்களை மெதுவான பிரஷ்ஷால் வழக்கம்போலத் தேயுங்கள், தையல் பக்கம் மட்டும் போகாதீர்கள். வலிக்கிறதே என்று வாய் முழுவதையும் விட்டுவிட்டால் அழுக்கு சேர்ந்து புண்ணுக்குத்தான் வரும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரு மூடி ஊற்றி, வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாலே போதும், கன்னத்தை ஊதி ஊதிக் கொப்பளிக்க வேண்டாம். காலையும் ராத்திரியும் ஒரு தடவை. பேஸ்ட் வைத்துத் தேய்த்த உடனே ஊற்றினால் பேஸ்டில் உள்ள நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாக்கு கருக்கும், காப்பி ருசி தெரியாது, பல்லில் பழுப்பு படியும். நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். படிந்த கறையை நாங்களே சுத்தம் செய்து தருவோம். அதற்காகப் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் சாப்பிட்டபின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். உமிக்கரி, கிராம்புத் தைலம், மஞ்சள்தூள் எதுவும் தையல் பக்கம் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு நம்ம ஊரில் குறையில்லை. நன்றாக ஆறின இட்லி, குழைந்த சாதத்தில் சொதி, மோர் ஊற்றிப் பிசைந்த பழையது, பாசிப்பருப்புக் கஞ்சி. உளுந்தஞ்சோறைக் குழைய விட்டு ஆறவைத்துச் சாப்பிடலாம், தெம்பாகவும் இருக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் சொந்த ஊர்ப் பண்டம் என்று ஆசை வரும், அதன் நொறுங்கின முனை தையலில் குத்தி உட்காரும். முறுக்கு, பனங்கிழங்கு வேண்டாம், நார் மாட்டிக்கொள்ளும். அல்வா ஒட்டும், சூடாக வேறு இருக்கும். ஆற்றில் குளிப்பவர்கள் தாமிரபரணித் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்காமல் குளியுங்கள். குற்றாலம் சீசன் என்றால் இரண்டு வாரம் பொறுங்கள், அருவித் தண்ணீர் முகத்தில் அறைவது புண்ணுக்கு ஆகாது.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயம். நாலாம் நாளுக்கு மேல் வலியோ வீக்கமோ முந்தின நாளைவிடக் கூடினால், அது ஆறுகிற வலி அல்ல. ஆறுகிற புண்ணின் வலி இறங்கும், அல்லது ஒரே அளவில் நிற்கும். இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது பெரும்பாலும் கிருமியின் வேலை. கூடவே வாயில் உப்பும் கசப்புமாக ஒரு ருசி, நாள் முழுக்க வாடை, விண் விண்ணென்று தெறிப்பது, தாடைக்குக் கீழே நெறி கட்டுவது, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை.

வலி மாத்திரை போட்ட நேரத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள், மாத்திரை ஏமாற்றிவிடும். அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன்னால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காலையில் எழுந்தவுடன், கொப்பளிப்பதற்கு முன்னால் கண்ணாடியில் பாருங்கள். கொப்பளித்துவிட்டால் ராத்திரி கசிந்த சீழ் போய்விடும், ஒன்றுமில்லாதது மாதிரித் தெரியும். வீட்டில் ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் ஸ்பூன் காம்பால் கன்னத்தை ஒதுக்க, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: வைத்து எத்தனை நாள், வலி எந்த நாளிலிருந்து கூடியது, என்ன மாத்திரை போட்டீர்கள். இந்த மூன்றும் இருந்தால் டாக்டர் உடனே முடிவு சொல்லிவிடுவார்.

மிச்ச மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். மெடிக்கலில் போய் "பல் வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கண்ணாச்சி" என்று வாங்கவும் செய்யாதீர்கள். காலுக்கு எழுதின மருந்து வாய்க்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாலு மாத்திரையில் கிருமி சாகாது, சத்தம் மட்டும் அடங்கும். அந்த அமைதியில் எலும்பு உள்ளுக்குள் கரையும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள் என்று தெரியாமல்தான் பலர் தயங்குகிறார்கள், "கழற்றிப் போட்டுருவாங்களோ" என்று. அப்படி எடுத்த எடுப்பில் கழற்ற மாட்டார்கள். முதலில் எக்ஸ்ரே. திருகைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு ஓடினால் அங்கே எலும்பு இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். ஆடவில்லை, சீழ் மேலாக இருக்கிறது என்றால் மரக்க ஊசி போட்டு, சீழை வடித்து, சலைன் விட்டுக் கழுவி, கெட்டுப்போன தையலை எடுத்துவிட்டு மருந்து எழுதுவார்கள். நிறையத் திருகுகள் இப்படிப் பிழைத்திருக்கின்றன. திருகே ஆடினால் மருந்தால் அது ஒட்டாது, எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இருக்கிற எலும்பும் கரைந்து, அடுத்த திருகுக்கு இடமில்லாமல் போகும். ஒட்டாத திருகை எடுப்பது பல் பிடுங்குவதைவிட லேசு, அப்பாவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆடுவதில் ஒரு குழப்பம் உண்டு. சிலருக்கு ஈறுக்கு வெளியே பொத்தான் மாதிரி ஒரு உலோக மூடி தெரியும், ஹீலிங் கேப் என்போம். அது மட்டும் கழன்று சுற்றினால் இம்ப்ளான்ட் போச்சு என்று அழுதுகொண்டே வருவார்கள். மூடிதான் லூஸ், திருகு கல் மாதிரி இருக்கும், முடுக்கிவிட்டால் முடிந்தது. நீங்களாக விரலால் முடுக்காதீர்கள். கழன்று கையில் வந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு அன்றைக்கே எடுத்துவாருங்கள், ஒன்றிரண்டு நாளில் ஈறு மூடிக்கொண்டு வந்துவிடும்.

சீழே இல்லாமல் சத்தமில்லாமல் ஒட்டாமல் போவதும் உண்டு. முடுக்கிய அன்றைய இறுக்கம் வாரம் போகப் போகக் குறையும், புது எலும்பின் பிடி மெதுவாக ஏறும். மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் திருகு மிகவும் பலவீனமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு வலியே இருக்காது. வலி இல்லையே என்று கறியும் கடலையும் அந்தப் பக்கம் போட்டு மெல்லுவது அப்போதுதான். தற்காலிகப் பல் வைத்திருப்பவர்களும், ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பவர்களும் இந்த வாரங்களில் கூடுதல் கவனமாக இருங்கள். நாக்கால் மூடியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் கிளினிக்குக்குக் காத்திருக்கக் கூடாது. தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீங்கி, விழுங்க முடியாமல், எச்சில் வழிந்து, குரல் மாறி, மூச்சுத் திணறினால் 108க்குப் போன் போட்டுப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ கிட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். வீக்கம் கண்வரை ஏறினாலும் அப்படியே. அபூர்வமாக வருவதுதான், ஆனால் வந்தால் மணிக்கணக்கு.

எடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடி வைக்கலாம். குழி ஆறி எலும்பு நிரம்ப வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு எலும்புத்தூள் வைக்க வேண்டியிருக்கும். திருகு ஆடிப்போனால் செலவு யாருடையது என்பதை முதல் தடவை பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அப்பாவுக்கு நாலாவது மாதம் மறுபடி வைத்தோம். இந்தத் தடவை காலண்டர் தாளில் அப்பாவே எழுதினார். ஐந்தாம் நாள் நான் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார், "டார்ச்ச எடுத்துட்டு வாம்மா" என்று.

கடைசியாக ஒரு சின்ன வேலை. திருகு வரும் டப்பாவில் கம்பெனி, நீளம், அகலம், லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் பைலில் ஒட்டிக்கொள்ளுங்கள், போட்டோ எடுத்துப் போனிலும் வையுங்கள். பத்து வருடம் கழித்து சென்னையிலோ வேறு ஊரிலோ மேலே உள்ள பல் கழன்றால், எந்தத் திருப்புளி பொருந்தும் என்பது அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் தெரியும்.